மசாலா காக்டெய்ல்: சூட்சுமம் பாகில் இருக்கிறது

வீட்டில் மசாலா காக்டெய்ல் செய்து பார்க்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டு விதமாக ஏமாறுகிறார்கள். சிலர் ரம்மில் ஒரு பட்டைத் துண்டைப் போட்டுவிட்டுப் பத்து நிமிடம் காத்திருப்பார்கள். ரம் ரம்மாகவே இருக்கும், பட்டை மட்டும் நனைந்துபோய் மிதக்கும். வேறு சிலர் மசாலாப் பொடியை அரைக் கரண்டி அள்ளிப் போட்டுக் கலக்குவார்கள். அடியில் வண்டல் தங்கும், மேலே மருந்து நெடி அடிக்கும், கடைசி வாய் மணலாக நறநறக்கும்.

இரண்டு இடத்திலும் கோளாறு ஒன்றுதான்: மசாலாவை நேராக டம்ளரில் போட்டது. மசாலா போக வேண்டிய இடம் சர்க்கரைப்பாகு. முதல் நாளே பாகைக் காய்ச்சி, வடிகட்டி, பாட்டிலில் ஊற்றி வைத்துவிட்டால் மறுநாள் கோப்பைக்கு இத்தனை மி.லி. என்று அளந்து ஊற்றுவதுதான் மிச்ச வேலை. காரம் கூடினால் பாகைக் குறைக்கலாம், குறைந்தால் கூட்டலாம். இந்தக் கட்டுப்பாடு கைக்கு வந்துவிட்டால் குளிரில் குடிக்கிற ஏறக்குறைய எல்லாக் கலவைகளும் ஒரே பாகின் வேறு வேறு உருவங்கள்தான் என்பது புரிந்துவிடும்.

காக்டெய்லின் கணக்கு

1806-ஆம் ஆண்டு மே 13-ஆம் தேதி, நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் நகரிலிருந்து வெளிவந்த ஒரு செய்தித்தாள், காக்டெய்ல் என்றால் என்ன என்று கேட்ட வாசகருக்குப் பதில் அச்சிட்டது. ஏதாவது ஒரு மது, சர்க்கரை, தண்ணீர், பிட்டர்ஸ்: இந்த நான்கும் சேர்ந்தது காக்டெய்ல். அச்சில் கிடைத்திருக்கும் முதல் வரையறையாக இதைத்தான் எல்லோரும் காட்டுகிறார்கள்.

இதில் பிட்டர்ஸ் என்பது கசப்பு வேர்கள், மரப்பட்டைகள், மசாலாக்கள் ஆகியவற்றைக் காட்டமான ஆல்கஹாலில் ஊறவைத்து எடுத்த சாறு. ஒரு கோப்பைக்குச் சில சொட்டுப் போதும். இன்றும் உலகம் முழுவதும் விற்கும் அங்கோஸ்துரா பிட்டர்ஸை 1824-இல் யோஹான் சீகர்ட் என்ற ஜெர்மானிய மருத்துவர் உருவாக்கினார். வெனிசுவேலாவின் அங்கோஸ்துரா நகரில் சிமோன் பொலிவாரின் படைக்கு மருத்துவராக இருந்தவர் அவர். வயிற்றுக் கோளாறுக்கு மருந்தாகத் தொடங்கியது, பிறகு மதுக்கூடத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டது. ஆக, மசாலா என்பது காக்டெய்லுக்குள் பிற்பாடு நுழைந்த புதுமை இல்லை, முதல் வரையறையிலேயே இருக்கிறது. நாம் செய்யப்போவது அதைச் சொட்டுப் பாட்டிலிலிருந்து எடுத்துப் பாகுக்கு மாற்றுவதுதான்.

அந்தப் பழைய வரையறையில் எலுமிச்சை கிடையாது. ஆனால் முதன்முதலாகச் செய்கிறவருக்கு எலுமிச்சை போட்ட வகையே சுலபம் என்பேன். இனிப்பும் புளிப்பும் எதிரெதிரே நின்றால் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது ஒரு வாய் குடித்ததுமே தெரிந்துவிடும், அங்கேயே சரிசெய்துவிடலாம். எலுமிச்சை இல்லாத கலவையில் தவறைக் கண்டுபிடிக்க நாக்குக்குப் பழக்கம் வேண்டும்.

தொடக்கக் கணக்கு இது: 45 மி.லி. மது, 20 மி.லி. எலுமிச்சைச் சாறு, 20 மி.லி. மசாலாப் பாகு. அளவுக் கோப்பை இல்லையென்றால் சமையலறைக் கரண்டிகள் போதும். ஒரு மேசைக்கரண்டி 15 மி.லி., ஒரு தேக்கரண்டி 5 மி.லி. மூன்று மேசைக்கரண்டி மதுவுக்கு நான்கு தேக்கரண்டி சாறும் நான்கு தேக்கரண்டி பாகும். கண்ணளவை மட்டும் நம்ப வேண்டாம். சமையலில் கைப்பக்குவம் உள்ளவர்கள்கூட இங்கே சறுக்குவார்கள், ஏனென்றால் மொத்தமே நூறு மி.லி. சொச்சம்தான். அதில் ஒரு தேக்கரண்டி கூடினாலும் குறைந்தாலும் சுவை வேறாகிவிடும்.

சூடு எங்கிருந்து வருகிறது

பட்டையும் இஞ்சியும் மிளகும் குளிருக்கு இதம் என்பது வெறும் நினைப்பு இல்லை. நம் வாயிலும் தோலிலும் சூட்டை உணரும் நரம்பு முனைகளில் டிஆர்பிவி1 என்ற ஓர் உணர்வி இருக்கிறது. சுமார் 42 டிகிரி செல்சியஸ் சூடு பட்டால் அது விழித்துக்கொண்டு மூளைக்குச் சேதி அனுப்பும். மிளகிலுள்ள பைப்பரினும் இஞ்சியிலுள்ள ஜிஞ்சராலும் சூடே இல்லாமல் அதை எழுப்பிவிடுகின்றன. ஆல்கஹால் செய்வது இன்னும் தந்திரமான வேலை. உணர்வி விழிக்கும் வெப்பநிலையையே 34 டிகிரி அளவுக்குக் கீழே இறக்கிவிடுகிறது. நம் உடம்புச் சூடே 37 டிகிரி. அதனால்தான் ஐஸில் குலுக்கிய ரம்கூடத் தொண்டையில் இறங்கும்போது சுடுகிறது.

இதிலிருந்து வேலைக்கு உதவும் ஒரு விஷயம் கிடைக்கிறது. மதுவும் காரமும் ஒரே கதவைத்தான் தட்டுகின்றன, ஒன்று மற்றொன்றைப் பெரிதாக்கிக் காட்டும். பாகைத் தனியாக நக்கிப் பார்க்கும்போது இஞ்சிக் காரம் மிதமாகத் தெரிந்தால் கோப்பையில் அது தாராளமாகவே இருக்கும். பாகிலேயே காதைப் பிடிக்கும் காரம் இருந்தால் கோப்பையில் வேறு எதுவும் தெரியாது.

இன்னொன்றையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும். மது குடித்தால் உடம்பு சூடாகிறது என்பது தோலின் கணக்கு மட்டும்தான். தோலுக்கு அடியிலுள்ள ரத்தக்குழாய்கள் விரிவதால் முகமும் கைகளும் கதகதவென்று இருக்கும். அதே வழியாக உடம்பின் உட்சூடு வெளியே போய்க்கொண்டும் இருக்கும். வீட்டுக்குள் போர்வையோடு உட்கார்ந்திருப்பவருக்கு இதனால் ஒன்றுமில்லை. கடுங்குளிரில் வெளியே நிற்கப் போகிறவர் குளிர் தாங்குவதற்காகக் குடிப்பது நேர் எதிரான காரியம்.

எந்த மசாலா, எவ்வளவு

முழு மசாலா மட்டும். பொடி வேண்டாம். பொடியை எந்த வடிகட்டியாலும் முழுதாக எடுக்க முடியாது. தவிரவும், அரைத்த மசாலாவின் வாசனை எண்ணெய் காற்றோடு போய்க்கொண்டே இருக்கும். பல மாதம் டப்பாவில் கிடந்த பொடியில் மிஞ்சுவது கசப்பும் நிறமும்தான்.

பட்டைதான் இந்தப் பாகுக்கு முதுகெலும்பு. கடையில் இரண்டு வகை கிடைக்கும். காசியா எனப்படுவது தடித்த ஒற்றை ஓடு, விரலால் ஒடிக்கச் சிரமம், நெடி காட்டமாக இருக்கும். இலங்கைப் பட்டை காகிதம்போல் மெல்லிய பல அடுக்குகள் ஒன்றுக்குள் ஒன்று சுருண்டது, அழுத்தினால் நொறுங்கும், வாசனை மென்மை, கொஞ்சம் எலுமிச்சை சாயலும் இருக்கும். பாகுக்கு எது என்றால், ரம்மோடும் விஸ்கியோடும் மோதி நிற்பது காசியா, பிராந்தியோடும் ஆரஞ்சோடும் இழைவது இலங்கைப் பட்டை. காசியாவில் ஒரு சிக்கல்: வெகுநேரம் கொதிக்கவிட்டால் பட்டையிலிருந்து பிசின் இறங்கிப் பாகு வழவழவென்று ஆகிவிடும். கூமரின் என்ற பொருளும் அதில் அதிகம். தினமும் பெரிய அளவில் உள்ளே போனால் கல்லீரலுக்கு ஆகாத பொருள் அது. எப்போதாவது ஒரு கோப்பை என்றால் அதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை.

கிராம்பு ஆபத்தான ஆள். அதன் வாசனைக்குக் காரணமான யூஜினால் நாக்கை மரக்கச் செய்யும். பல்வலிக்குக் கிராம்புத் தைலம் தடவுவது அதனால்தான். பாகில் கிராம்பு அளவுக்கு மீறினால் முதலில் பல் மருத்துவரின் அறை நினைவுக்கு வரும், அப்புறம் எந்தச் சுவையும் தெரியாது. கால் லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான பாகுக்கு நான்கு கிராம்பு போதும். ஐந்தாவதைப் போடும் முன் யோசியுங்கள்.

அன்னாசிப்பூவும் அப்படித்தான், ஒன்று போதும். சோம்பு வாசனை பிடிக்காதவர்கள் அதை விட்டே விடலாம், பாகுக்குக் குறை ஒன்றும் வராது. ஏலக்காய் ஆறு, தோலோடு லேசாகத் தட்டி. மிளகு எட்டு, ஒன்றிரண்டாக உடைத்து. ஜாதிக்காயைப் பாகில் போடுவதில்லை, அது கடைசியில் கோப்பையின் மேலே துருவுவதற்கு. அதையும் நாலைந்து இழுப்போடு நிறுத்த வேண்டும், கரண்டிக் கணக்கில் தின்றால் ஜாதிக்காய் விஷம்.

இஞ்சி பச்சையாக இருக்கட்டும், கட்டைவிரல் அளவு, மெல்லிய வில்லைகளாக. சுக்கு வேறு பொருள். இஞ்சி காயும்போது ஜிஞ்சரால் ஷோகாலாக மாறுகிறது, அது இன்னும் உறைக்கும். சுக்கின் காரம் பின்தொண்டையில் போய் உட்கார்ந்துகொள்ளும். பச்சை இஞ்சியின் காரம் நாக்கின் முன்பக்கம் பளிச்சென்று வந்து போகும். எலுமிச்சையோடு சேர்வது அதுதான்.

ஆரஞ்சுத் தோலை மறக்க வேண்டாம். காய்கறி சீவும் கத்தியால் மேல்தோலை மட்டும் மெல்லிசாகச் சீவ வேண்டும். அடியிலுள்ள வெள்ளைச் சதை வந்தால் கசப்பும் கூடவே வரும். மெழுகு பூசிய பழமாக இருந்தால் வெந்நீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவிக்கொள்ளுங்கள்.

பாகு காய்ச்சுவது

200 கிராம் சர்க்கரை, 200 மி.லி. தண்ணீர். இதற்கு மேலே சொன்ன மசாலாக்களும், விரல் நீளப் பட்டை இரண்டும். வெள்ளைச் சர்க்கரை போட்டால் மசாலா தெளிவாகத் தெரியும். பழுப்புச் சர்க்கரை போட்டால் வெல்லப்பாகின் வாசனை சேரும், ரம்முக்கு அது நல்ல துணை. தேன் போடுகிறவர்களும் உண்டு. ஆனால் தேனுக்கே சொந்தமாக ஒரு குணம் இருப்பதால் முதல் முறை வேண்டாம்.

முதலில் கனமான சின்னப் பாத்திரத்தை மிதமான தீயில் வைத்து, பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ, மிளகு ஆகியவற்றை எண்ணெய் இல்லாமல் வறுக்க வேண்டும். ஒன்று, ஒன்றரை நிமிடம். வாசனை மூக்குக்கு எட்டிய உடனே நிறுத்துங்கள். புகை கிளம்பிவிட்டால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்குவதே மேல், கருகிய கிராம்பின் கசப்பைச் சர்க்கரையாலும் மறைக்க முடியாது.

இப்போது தண்ணீரை ஊற்றி மூடி போடுங்கள். மூடி முக்கியம். அடுப்படி முழுக்க மணக்கிறது என்றால் பாத்திரத்தில் இருக்க வேண்டிய வாசனை வெளியே போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். கொதி வந்ததும் தீயைக் குறைத்து ஐந்து நிமிடம். சர்க்கரையை இன்னும் போடவில்லை என்பதைக் கவனியுங்கள். கெட்டியான பாகைவிட வெறும் தண்ணீர் மசாலாவிலிருந்து வாசனையைச் சீக்கிரம் வாங்கிக்கொள்ளும். ஐந்து நிமிடம் ஆனதும் அன்னாசிப்பூவை எடுத்துவிட்டுச் சர்க்கரையைப் போட்டுக் கரையும்வரை கிளறி, அடுப்பை அணைத்துவிட வேண்டும். இஞ்சி, ஏலக்காய், ஆரஞ்சுத் தோல் மூன்றும் போவது இப்போதுதான். இவற்றின் வாசனை மென்மையானது, கொதியில் பறந்துவிடும். கம்பிப் பதம், முத்துப் பதம் எதுவும் வேண்டாம். தண்ணீரை விடச் சற்றே கனமாக, கரண்டியிலிருந்து தங்குதடையில்லாமல் ஒழுக வேண்டும்.

மூடி வைத்து இருபது நிமிடம் கழித்து ஒரு கரண்டியில் எடுத்து ஆற்றி நக்கிப் பாருங்கள். முதலில் இனிப்பு, உடனே பட்டை, விழுங்கிய பின் இஞ்சி. இந்த வரிசையில் வந்தால் வடிகட்டலாம். பட்டை இன்னும் பின்தங்கியிருந்தால் பத்து நிமிடம் விடுங்கள். கிராம்பு முன்னால் வந்து நின்றால் அந்த நொடியே வடிகட்டிவிடுங்கள், பிறகு சர்க்கரையும் தண்ணீரும் மட்டும் சேர்த்த வெறும் பாகைக் கொஞ்சம் கலந்து மட்டுப்படுத்திக்கொள்ளலாம். தேநீர் வடிகட்டி போதும். துணியில் இன்னொரு முறை வடித்தால் பாகு கண்ணாடி மாதிரி தெளியும்.

சுமார் 300 மி.லி. கிடைக்கும், பதினைந்து கோப்பைக்கு வரும். வெந்நீரில் கழுவிக் காயவைத்த பாட்டிலில் ஊற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் இரண்டு வாரம் தாங்கும். மேலே பூஞ்சை கட்டினாலோ, கலங்கி நுரைத்தாலோ, புளித்த வாடை வந்தாலோ கொட்டிவிட வேண்டியதுதான்.

மசாலாவை நேராக மதுவிலேயே ஊறவைப்பதும் ஒரு வழிதான். ஆல்கஹால் வாசனை எண்ணெய்களைத் தண்ணீரைவிட நன்றாகக் கரைக்கும். ஆனால் கிராம்பு சில மணி நேரத்தில் இறங்கிவிடும், பட்டைக்கு ஒரு நாளாவது வேண்டும், ஒவ்வொன்றையும் அதனதன் நேரத்தில் எடுக்கவில்லையென்றால் ஒரு பாட்டில் மதுவே வீண். பாகு கெட்டால் போவது 200 கிராம் சர்க்கரை.

எந்த மது

மரப்பீப்பாயில் முதிர்ந்தது எதுவும் பொருந்தும்: கறுப்பு ரம், பிராந்தி, விஸ்கி. உட்புறம் சுட்ட ஓக் பீப்பாயிலிருந்து வனிலா வாசனை தரும் வனிலின் இறங்குகிறது, யூஜினாலும் கொஞ்சம் இறங்குகிறது. ஆமாம், கிராம்பில் இருக்கும் அதே யூஜினால்தான். அந்த மதுவுக்குள் ஏற்கெனவே ஒரு மெல்லிய மசாலா இருக்கிறது, நம் பாகு அதோடு போய்ச் சேர்ந்துகொள்கிறது. வோட்காவில் அப்படி எதுவும் இல்லாததால் பாகின் சுவை மட்டுமே தெரியும், குடிக்க மோசமில்லை, ஆழமும் இல்லை. ஜின்னில் ஜூனிபர் என்ற காயின் வாசனை இருக்கிறது, அது பட்டையோடு சண்டை போடும். புகைவாடை அடிக்கும் விஸ்கிகளை ஒதுக்கி வையுங்கள். விலையுயர்ந்த பாட்டிலும் வேண்டியதில்லை, இத்தனை மசாலாவுக்குப் பின்னால் அதன் நுணுக்கங்கள் யாருக்கும் தெரியப்போவதில்லை.

ஒரே பாகு, மூன்று கோப்பை

குளிர்ந்த கோப்பையிலிருந்து தொடங்கலாம். 45 மி.லி. கறுப்பு ரம், அப்போதே பிழிந்த 20 மி.லி. எலுமிச்சைச் சாறு, 20 மி.லி. பாகு. இறுக மூடக்கூடிய பாட்டில் ஒன்றில் பாதிக்கு மேல் ஐஸ் கட்டிகளைப் போட்டு, இவற்றை ஊற்றி, பன்னிரண்டு விநாடி பலமாகக் குலுக்குங்கள். பாட்டிலின் வெளிப்புறம் கை தாங்காத அளவுக்குச் சில்லிட்டுப் பனி படர வேண்டும். குலுக்குவது வெறுமனே குளிர்விக்க மட்டும் இல்லை. ஐஸ் கரைந்து 25, 30 மி.லி. தண்ணீர் சேர வேண்டும் என்பதும் கணக்கில் உண்டு. 1806-இன் வரையறையில் தண்ணீர் தனிப் பொருளாக நிற்பது சும்மா இல்லை. தண்ணீர் சேராத காக்டெய்ல் காட்டமாக, திக்காக, வாயை அடைப்பதாக இருக்கும். நீர்க்கச் செய்ததும் வாசனைகள் பிரிந்து தெரியும். வடிகட்டி, குளிரவைத்த கோப்பையில் ஊற்றி, மேலே ஜாதிக்காயை இரண்டு இழுப்பு துருவினால் முடிந்தது. இறுதியில் இதன் ஆல்கஹால் அளவு 16 சதவீதத்தை ஒட்டி நிற்கும்.

சூடான கோப்பைக்கு அதே பொருள்கள், வேறு அளவு. 45 மி.லி. பிராந்தி அல்லது விஸ்கி, 15 மி.லி. சாறு, 15 மி.லி. பாகு, 120 மி.லி. வெந்நீர். பாகு ஏன் குறைகிறது? சூட்டில் நாக்குக்கு இனிப்பு கூடுதலாகத் தெரியும், குளிரில் மங்கும். குளிர்ந்த கோப்பைக்கான அளவைச் சூட்டில் போட்டால் திகட்டிவிடும்.

இங்கே வரிசை முக்கியம். முதலில் தடித்த கைப்பிடிக் கோப்பையில் வெதுவெதுப்பான நீரை ஊற்றி ஒரு நிமிடம் விட்டுக் கொட்டுங்கள். குளிர்ந்த கண்ணாடியில் கொதிநீரைத் திடீரென்று ஊற்றினால் உட்புறம் விரியும், வெளிப்புறம் விரியாது, விரிசல் விடும். பிறகு பாகு, சாறு, வெந்நீர், கடைசியில் மது. தண்ணீர் கொதித்துச் சிறிது நேரம் ஆறியதாக, 90 டிகிரி அளவில் இருந்தால் கலந்த பிறகு கோப்பை 60 டிகிரிப் பக்கம் வந்து நிற்கும். அதற்கு மேல் சூடாக இருந்தால் ஆல்கஹால் ஆவி நேரே மூக்கில் ஏறி இருமல் வரும். 65 டிகிரிக்கு மேல் மிகச் சூடாகப் பானங்களைக் குடிக்கும் பழக்கத்தை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் ‘அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியவை’ என்ற வரிசையில் வைத்ததும் நினைவிருக்கட்டும். உதட்டில் வைத்து உறிஞ்ச முடியவில்லையென்றால் இரண்டு நிமிடம் பொறுப்பதில் நஷ்டமில்லை.

மதுவை எக்காரணம் கொண்டும் அடுப்பில் எரியும் தீக்கு மேல் ஊற்றாதீர்கள். 40 சதவீத மதுவின் ஆவி சுமார் 26 டிகிரியிலேயே தீப்பிடிக்கத் தயாராகிவிடும். அதேபோல, சூடான எதையும் மூடிய பாட்டிலில் போட்டுக் குலுக்கக் கூடாது. உள்ளே ஆவி அழுத்தம் கூடி மூடி பறக்கும்.

சூடுபடுத்தினால் ஆல்கஹால் எல்லாம் ஆவியாகிவிடும், குழந்தைக்கும் ஒரு வாய் கொடுக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. கொதிக்கும் திரவத்தில் மதுவை ஊற்றி உடனே இறக்கினால் 85 சதவீத ஆல்கஹால் அதிலேயே இருக்கிறது என்று அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணை சொல்கிறது. பதினைந்து நிமிடம் கொதித்த பிறகும் 40 சதவீதம் மிச்சம், ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் 25 சதவீதம். நம் சூடான கோப்பையில் மது கொதிப்பதே இல்லை, ஆகவே போட்டது ஏறக்குறைய அப்படியே இருக்கிறது.

மூன்றாவது, எலுமிச்சை இல்லாத கலக்கல். 60 மி.லி. விஸ்கி, ஒன்றரைத் தேக்கரண்டி பாகு, பிட்டர்ஸ் இருந்தால் இரண்டு உதறல். பெரிய ஐஸ் கட்டிகள் மேல் ஊற்றி அரை நிமிடம் கரண்டியால் சுழற்றுங்கள், குலுக்க வேண்டாம். சாறு சேர்ந்ததைக் குலுக்குவது, மது மட்டும் உள்ளதைக் கலக்குவது என்பது பொது வழக்கம். குலுக்கினால் காற்றுக் குமிழ் ஏறிக் கலங்கும், அந்தப் பளபளப்பு போய்விடும். ஒரு துண்டு ஆரஞ்சுத் தோலைக் கோப்பைக்கு மேலே பிடித்து வெளிப்புறம் கீழே பார்க்க அழுத்தினால் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாத தூறலாக மேலே விழும். சுவையைவிட முதலில் மூக்கை எட்டுவது அதுதான். பார்க்கக் கொஞ்சமாகத் தெரிந்தாலும் மூன்றிலும் காட்டமானது இந்தக் கோப்பை.

அலங்காரத்துக்குப் பட்டையையும் அன்னாசிப்பூவையும் கோப்பையில் மிதக்கவிடுவது படம் எடுக்க நன்றாக இருக்கும். குடிக்கும்போது மூக்கில் இடிக்கும். சூடான கோப்பையில் அவை தொடர்ந்து ஊறி, கடைசி வாயைக் கசப்பாக்கவும் செய்யும். பாகிலேயே எல்லாம் இருக்கும்போது மறுபடி எதற்கு?

சரியாக வரவில்லையென்றால்

ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் எதையும் சேர்க்க வேண்டும், சேர்ப்பதும் ஒரு தேக்கரண்டி அளவில். திகட்டினால் சாறு. பல் கூசினால் பாகு. இரண்டும் சரியாக இருந்தும் எல்லாம் மந்தமாகத் தெரிந்தால் ஒரு சிட்டிகை உப்பு, உண்மையாகவே ஒரு சிட்டிகைதான். உப்பு கசப்பைத் தணித்து மற்றச் சுவைகளை மேலே கொண்டுவரும். காட்டமாக இருந்தால் தண்ணீரோ இன்னும் கொஞ்சம் குலுக்கலோ. நீர்த்துப்போயிருந்தால் அந்தக் கோப்பையில் செய்ய ஒன்றுமில்லை, அடுத்த முறை ஐஸைப் பெரிய கட்டிகளாகப் போடுங்கள். பொடி ஐஸ்தான் சீக்கிரம் உருகும். எலுமிச்சைச் சாறு நேற்றுப் பிழிந்ததாக இருந்தால் எந்தத் திருத்தமும் உதவாது, அதன் பளிச்சென்ற வாசனை போயிருக்கும்.

ஆறு பேருக்குச் செய்ய வேண்டுமென்றால் மது, சாறு, பாகு மூன்றையும் ஆறால் பெருக்கி ஒரே ஜாடியில் ஊற்றி வைத்துவிட்டு, தண்ணீரையும் அளந்தே சேர்த்துவிடலாம், ஒரு கோப்பைக்கு 25 மி.லி. வீதம். குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு மணி நேரம் வைத்தால் யாரும் எதையும் குலுக்க வேண்டாம்.

அளவும், மது இல்லாத கோப்பையும்

40 சதவீத மதுவில் 45 மி.லி. என்பது சுமார் 14 கிராம் தூய ஆல்கஹால். அமெரிக்காவில் ஒரு நிலையான கோப்பை என்று கணக்கிடுவது இதைத்தான். எலுமிச்சை இல்லாத மூன்றாவது கோப்பை அந்தக் கணக்கில் வித்தியாசப்படும்: அதில் 60 மி.லி. ஊற்றியிருக்கிறோம், கிட்டத்தட்ட 19 கிராம். மசாலாவும் சர்க்கரையும் மதுவின் காட்டத்தை மறைத்துவிடுவதால் இரண்டாவது கோப்பை எப்போது முடிந்தது என்றே தெரியாது, கோப்பையை எண்ணிக்கொள்வது நல்லது. வண்டி ஓட்ட வேண்டியவர், கர்ப்பிணி, மருந்து மாத்திரை எடுத்துக்கொண்டிருப்பவர், சட்டம் சொல்லும் வயது வராதவர் ஆகியோருக்கு வேறு கோப்பை இருக்கிறது.

அந்த வேறு கோப்பையை ஒப்புக்குச் செய்யாதீர்கள். மதுவை எடுத்துவிட்டு ஜூஸை ஊற்றினால் குழந்தைப் பானம் ஆகிவிடும், ஏனென்றால் மது தந்துகொண்டிருந்த துவர்ப்பும் தொண்டைச் சூடும் போய்விட்டன. துவர்ப்புக்குப் பால் இல்லாத கடுந்தேநீர்: ஒரு கோப்பை நீருக்கு வழக்கமாகப் போடுவதைப் போல இரண்டு மடங்கு தேயிலை, நான்கு நிமிடம் ஊறியது. தொண்டைச் சூட்டுக்கு இஞ்சிச் சாறு ஒரு தேக்கரண்டி, உடைத்த மிளகு இரண்டு. 60 மி.லி. தேநீர், 60 மி.லி. ஆப்பிள் சாறு, 15 மி.லி. எலுமிச்சை, 15 மி.லி. மசாலாப் பாகு. இதையும் ஐஸில் குலுக்கலாம். சூடாக வேண்டுமென்றால் எலுமிச்சையைத் தவிர மற்றதை ஒன்றாகச் சூடாக்கி, இறக்கிய பின் எலுமிச்சையைச் சேருங்கள். ஜாதிக்காய் இதற்கும் உண்டு. மிஞ்சிய பாகைப் பால் சேர்க்காத காப்பியில் ஒரு தேக்கரண்டி விட்டுப் பாருங்கள், பாட்டில் இரண்டு வாரம்வரை காத்திருக்காது.